தலைகீழாய்ப் பிடித்த பாடப்புத்தகம்

சின்னப் பிள்ளைகள் சரளமாக வாசித்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். வாசிப்பு என்றால் கொஞ்சம் திக்க வேண்டும், நெற்றி சுருங்க வேண்டும். கடகடவென்று வாசிக்கிற பிள்ளை ஏமாற்றுகிறது என்பதுதான், பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய தமிழ்ப் பள்ளியில் நான் வாத்தியாராக இருந்தபோது என் கொள்கை. இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது. அப்போது ஏகப்பட்ட கர்வம்.

ஏமாற்றைப் பிடிக்க ஒரு வித்தை வைத்திருந்தேன். பிள்ளை பாதி வாசிக்கும்போது புத்தகத்தைச் சட்டென்று தலைகீழாகத் திருப்பிவிடுவேன். நிஜமாக வாசிக்கிற பிள்ளை நின்றுவிடும். மனப்பாடம் பண்ணிய பிள்ளை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். எத்தனையோ திருட்டு முழிகளை அப்படிப் பிடித்திருக்கிறேன்.

ஒரு வருஷம் பரீட்சைக்கு முன்னால் ஒரு தகப்பன் வந்தார். தொங்கான் படகுகளிலிருந்து அரிசி மூட்டை இறக்குகிறவர். மகள் என்னிடம் இரண்டாம் வகுப்பு.

“இந்தத் தடவ பாஸானா படிக்கட்டும் வாத்தியாரே. இல்லேன்னா நிப்பாட்டிருவேன் லா. கைக்குழந்தையப் பாத்துக்க வீட்ல ஆள் இல்ல.”

சலுகை கேட்டு அடி போடுகிறார் என்று அவரையும் சந்தேகப்பட்டேன்.

பரீட்சையில் அவள் திக்கித் திக்கி வாசித்தாள். பரவாயில்லையே என்று நினைத்தபடி புத்தகத்தைத் திருப்பினேன். அவ்வளவுதான், குழாயைத் திறந்துவிட்டதுபோல் கடகடவென்று வந்தது. அப்படியானால் முதலில் திக்கியதும் நடிப்பா! எனக்கு ரத்தம் கொதித்தது.

“மனப்பாடந்தானே?”

“இல்லைங்கய்யா, படிச்சேன்.”

“பொய் வேற சொல்றியா?”

பெயருக்கு நேராகப் பெருக்கல் குறி போட்டேன். அடுத்த வாரத்திலிருந்து அவள் வரவில்லை.

எங்கள் பள்ளியில் நாலு பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம். பாயின் நடுவில் அதை விரித்து வைத்துச் சுற்றி உட்கார்ந்து படிப்பார்கள். யாரும் இடம் மாறக் கூடாது என்பது என் சட்டம். மாறினால் ஏதோ திருட்டுத்தனம் நடக்கும் என்று எனக்கு நினைப்பு. ஒரு மாதம் கழித்து, அவள் விட்டுப்போன இடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையை உட்கார வைத்தேன்.

“ஐயா, இங்கேருந்து எழுத்தெல்லாம் தலகீழாத் தெரியுது,” என்றது அது.

இரண்டு வருஷம் அவள் உட்கார்ந்த இடம் அதுதான். அவள் எழுத்தைக் கற்றுக்கொண்டதே தலைகீழாகத்தான்.

அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். தகப்பனும் இருந்தார். அவள் கண்ணில் பட்டிராத ஒரு செய்தித்தாளைத் தலைகீழாக நீட்டி, “வாசிம்மா” என்றேன். அப்பா முன்னால் ஒரு வரி வாசித்தால் போதும், நாளைக்கே பள்ளிக்கு அழைத்துக்கொள்ளலாம் என்று துடித்தேன்.

அவள் தாளைத் தொடவே இல்லை.

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்கய்யா. அன்னைக்குச் சொன்னது மனப்பாடந்தான்.”

எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். மாட்டேன் என்று தலையாட்டினாள்.

“அதுவே ஒத்துக்கிச்சே வாத்தியாரே, விடுங்க லா,” என்றார் தகப்பன்.

யாரையும் நம்பாத நான் சொன்னதை, அந்தப் பிள்ளை முழுசாக நம்பியிருந்தது.