கடலுக்கு முதுகு காட்டிய வீடு

எங்கள் வீட்டுக்கு வரைபடம் கீறியவர் என் அண்ணை. அதைக் கெடுத்தவர் என் வீட்டுக்காரர். கல்லரிந்தவர்கள் முதல் ஓடு போட்டவர்கள் வரை எல்லாரோடும் வாய் காட்டிக் கெட்ட பெயர் வாங்கியவள் நான். மூன்று பேருக்கும் அதில் பங்கு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணை கொழும்பில், வீடுகளுக்கு வரைபடம் கீறிக் கொடுக்கிற ஒருவரிடம் பத்து வருடம் வேலை செய்தவர். எண்பத்துமூன்றில் நடந்த கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி ஊருக்கு வந்தார். உடுத்திருந்த சாரமும் யாரோ கொடுத்த சேட்டும்தான் மிச்சம். ஒரு மாதம் ஒருவரோடும் கதைக்கவில்லை. அப்போது நாங்கள் எங்கள் ஊரான கொழும்புத்துறையில் கடலோரத்தில் ஒரு கொட்டிலில் இருந்தோம். கல்வீடு கட்டக் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தோம். "அண்ணை, எங்களுக்கு ஒரு வீடு கீறித் தாங்கோவன்" என்று கேட்டேன். பாதி வீட்டு ஆசை, பாதி அவரைக் கதைக்க வைக்கிற ஆசை. கேட்டதுதான் தாமதம், அதற்குப் பிறகு மனுசன் வாயை மூடவே இல்லை.

சும்மா சொல்லக்கூடாது, அண்ணை வேலையைத் தொடங்கிய விதம் யாரையும் பயப்படுத்தும். வளவில் நாலு கம்பு நட்டு, என் பழைய சேலையைக் கிழித்து அவற்றில் கட்டிவிட்டார். சீலைத்துண்டு எந்தப் பக்கம் பறக்கிறது என்று ஒரு கிழமை குந்தியிருந்து எழுதினார். வேலிக்கு அப்பால் நின்றவர்கள், கொழும்பில் பட்ட அடியில் மூளை பிசகிவிட்டது என்று முடிவுகட்டிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் கடல் தொழில் செய்கிறவர். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மச்சான், காத்து எந்தப் பக்கமெண்டு என்னைக் கேட்டிருந்தால் நிண்ட நிலையிலை சொல்லியிருப்பன். ஒரு சேலை மிஞ்சியிருக்கும்."

"நீர் சொல்லுறது கடலிலை அடிக்கிற காத்து. எனக்கு வேண்டியது வளவுக்கை வாற காத்து" என்றார் அண்ணை. "வீடெண்டால் சுற்றாடலோடை கதைக்கோணும்."

"வீடும் கதைக்கத் தொடங்கினால் உங்கடை தங்கச்சி எங்கை கதைக்கிறது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொடுக்கவில்லை.

ஆனால் படம் வந்தபோது அந்தக் கோபமெல்லாம் பறந்துவிட்டது. மாரியில் வெள்ளம் ஏறாமல் அத்திவாரம் இடுப்பளவு உயரம். பின்னேர வெயில் சுவரைச் சுடாமல் மேற்கே விறாந்தை. வடக்கு வாடைக் காற்றும் தெற்குச் சோழகக் காற்றும் புகையை உள்ளே தள்ளாத மூலை பார்த்துக் குசினி. நின்ற பூவரச மரத்தை வெட்டாமல் வீட்டையே நாலடி தள்ளியிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, தெற்குச் சுவரில், வேலிக்கு மேலால் கடலைப் பார்த்தபடி ஆறடி அகலத்துக்கு ஒரு யன்னல்.

எனக்கு அந்த வீட்டில் வேறொன்றும் வேண்டாம், அந்த யன்னல் போதும். இவர் பொழுதுபடக் கடலுக்குப் போவார், விடியத்தான் திரும்புவார். அந்த விடியற்காலையில் இவருடைய வள்ளம் வருகிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. கரையில் போய் நின்று பார்த்தால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் கரையில் பெண்கள் போய்க் காத்து நின்றால் யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். நான் ஒருநாள் போய் நின்றதற்கு அரைக் கிராமம் ஓடி வந்து 'என்ன, என்ன' என்று கேட்டது. முற்றத்தில் நின்றாலோ, உயரமான கிடுகு வேலி. வானம்தான் தெரியும்.

இவர் படத்தை வாங்கிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தெற்குச் சுவரில் விரலை வைத்தார்.

"இதை அடையுங்கோ."

"ஏன்?" என்றோம் நானும் அண்ணையும் ஒரே நேரத்தில்.

"இரவு முழுக்க அதின்ரை மூஞ்சியைத்தானே பாக்கிறன். வீட்டுக்கு வந்தும் பாக்கோணுமே?"

அண்ணை கெஞ்சினார், நான் சண்டை பிடித்தேன். மனுசன் ஒற்றைக்காலில் நின்றார். இரண்டு நாள் கழித்து, முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தவர், நான் கேட்காமலே சொன்னார்.

"ஐயா கடலிலை காணாமல் போகேக்கை எனக்கு எட்டு வயசு. எங்கடை வீட்டு வாசல் கடலைப் பாத்தது. அம்மா அந்த வாசலிலைதான் பன்னிரண்டு வருசம் இருந்தவ. சோத்துக் கோப்பையோடை இருப்பா, சாப்பிட மாட்டா. நீ அப்பிடி நிக்கக்கூடாது."

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. செத்துப்போவேன் என்று முதலிலேயே முடிவெடுத்துக்கொண்டு வீடு கட்டுகிற மனுசனை என்னவென்று சொல்வது? அதற்குப் பிறகு யன்னல் என்ற சொல்லை நான் எடுக்கவில்லை.

அண்ணைக்குத்தான் பொறுக்கவில்லை. "சோழகத்தை அடைச்சுப்போட்டு உள்ளுக்கை இருந்து அவியப் போறியளோ?" என்று குதித்தார்.

"காத்து வரட்டும் மச்சான். இவளின்ரை கண்தான் போகக்கூடாது."

அப்படித்தான் அந்தச் சமாதானம் வந்தது. தெற்குச் சுவரில் யன்னல் இல்லை. கூரையை ஒட்டி ஒரு வரிசை ஓட்டை, ஒவ்வொன்றும் ஒரு செங்கல் அளவு. என் தலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில். உயரம் சரியாக இருக்க வேண்டுமென்று மேசன் என்னைச் சுவரோடு நிறுத்தி வைத்து அளந்தார். எந்த ஊரில் வீட்டுக்காரியை மட்டக்கம்பாக வைத்து வீடு கட்டுவார்கள்? நானும் லேசுப்பட்டவளா? சேலைக்குள்ளே முழங்காலை மெல்ல மடித்து நின்றேன். நாலு அங்குலமாவது குறையட்டும் என்று.

"முழங்காலை நிமித்து" என்றார் இவர், வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அடுத்த வருடம் நத்தார்ப் பெருநாளுக்கு முன் குடிபுகுந்தோம். கோயில் சுவாமி வந்து தண்ணீர் தெளித்து ஆசீர்வதித்தார். "நல்ல குளிர்ச்சியான வீடு" என்றும் சொல்லிவிட்டுப் போனார். அண்ணை அன்றைக்கு இரண்டு பேரின் சாப்பாட்டைச் சாப்பிட்டார்.

குடிபுகுந்த மூன்றாம் நாள் நான் உட்காருகிற வாங்கை இழுத்துச் சுவரோடு போட்டுவிட்டேன். விடிய எழும்பி, பிள்ளைகள் எழும்ப முன், வாங்கில் ஏறிக் குதிக்காலை உயர்த்தினால் ஓட்டைக்குள் கண் எட்டும். எட்டி என்ன? செங்கலளவு கடல்தானே தெரியும். ஒரு வள்ளத்தின் முன் அணியம் கடந்து போகும், யாருடையதென்று தெரியாது. தெரிவதற்குள் வேலிப் படலை திறக்கிற சத்தம் கேட்கும். விழுந்தடித்து இறங்கி, அடுப்படியில் ஊதுகுழலோடு குந்திவிடுவேன். ஆறு வருடம் இந்தக் கள்ள வேலை. எத்தனை தரம் முழங்காலை இடித்துக்கொண்டேன் என்று மாதாவுக்குத்தான் தெரியும்.

தொண்ணூறில் மறுபடி சண்டை தொடங்கியது. கடலுக்குப் போகத் தடை வந்தது. வள்ளத்தைக் கரையில் கவிழ்த்து ஓலை போட்டு மூடிவிட்டு இவர் வீட்டில் இருந்தார். ஐயோ, அந்த இருப்பு! குசினியை வள்ளம் என்று நினைத்துவிட்டார். உப்புச் சிரட்டை ஏன் இங்கே இருக்கிறது, விறகு ஏன் அங்கே இருக்கிறது, ஒரு எட்டில் எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டாமா என்று ஒவ்வொன்றையும் இடம் மாற்றினார். கறி கூட்ட மிளகாய்த்தூளைத் தேடி நான் வீடெல்லாம் அலைந்தேன்.

ஒருநாள் கோயிலுக்குப் போய்விட்டுச் சொன்ன நேரத்துக்கு முன்னமே வந்துவிட்டேன். கூடத்துக்குள் பார்த்தால், மனுசன் வாங்கின் மேலே. இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஓட்டைக்குள் முகத்தை வைத்தபடி. நெடுவல் ஆள், குதிக்காலை உயர்த்தவும் தேவையில்லை.

"பிடிபட்டியளோ!" என்றேன்.

மெதுவாகத் திரும்பினார். வெட்கப்படுவார் என்று பார்த்தால், குனிந்து வாங்கைக் காட்டினார்.

"இதிலை உன்ரை கால்தடம் ஆறு வருசமாக் கிடக்கு. நான் ஏதும் கேட்டனானே?"

நான்தான் வெட்கப்பட்டேன்.

அடுத்த நாள் காலையில் அலவாங்குச் சத்தத்தில்தான் எழும்பினேன். தெற்குச் சுவரின் நடுவில் இடித்துக்கொண்டிருந்தார். அண்ணைக்கு யார் போய்ச் சொன்னார்களோ, சைக்கிளில் பறந்து வந்தார். சீமெந்து வரத்தும் நின்றுபோனதால் அப்போது வீடு கட்டுவாரில்லை, அண்ணை ஊராருக்கு, குண்டு விழும்போது பதுங்குகிற பங்கருக்குத்தான் படம் கீறிக்கொண்டிருந்தார். அவருடைய பங்கரில் காற்றோட்டம் திறம் என்று பெயர். "அப்பவே கீறித் தந்தனான்! அப்பவே!" என்று அவர் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றடி இடித்ததோடு இவர் நிறுத்தினார். பூசச் சீமெந்து இல்லை, விளிம்புக்குக் களிமண் அப்பினோம். கம்பிக்குப் பதிலாக, காகம் வராமல் ஒரு வலைத்துண்டைக் கட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த யன்னலடியில்தான் இவருடைய சீவியம். சாப்பாடும் அங்கேதான். எனக்கு யன்னல் வந்தது. ஆனால் பார்க்க வேண்டிய ஆள் யன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தார், போக முடியாத கடலைப் பார்த்துக்கொண்டு. அந்த முகத்தைப் பார்க்க, பழைய ஓட்டையே போதும் என்று தோன்றியது.

சில மாதத்தில், ஆமியின் கெலிகொப்டர் சுற்றாத நேரம் பார்த்து ஒருவர் இருவராகக் கரையை ஒட்டிப் போய்வரத் தொடங்கினார்கள். இவரும் போகிறேன் என்றார். கத்தினேன், காலைப் பிடிக்காத குறை. "இப்பிடியே பாத்துக்கொண்டிருந்தால் வருத்தக்காரனாப் படுக்கையிலை விழுவன்" என்றார். இருட்டு விலக முன்னமே போய்விட்டார். அன்றைக்கு நான் அந்த யன்னலில் நின்றேன். வலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வாய்த் தேத்தண்ணி குடிக்காமல், தண்ணீரையே பார்த்துக்கொண்டு. எனக்கு மாமியின் நினைவு வந்தது. வள்ளம் தெரிந்தபோதும் அசையவில்லை. படலை திறந்தபோதுதான் கால் வந்தது.

ஐந்தாறு மீன்தான் பிடித்திருந்தார். அதை என் கையில் தராமல் அப்படியே நின்றார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன்.

"நீ நிண்டனியல்லோ?"

"ஓம், நிண்டனான். இப்ப அதுக்கென்ன?"

"கடலிலையிருந்து பாக்கக் கரை முழுக்க ஒரே வெள்ளைச் சுவர். ஆறு வருசமா எது எங்கடை வீடெண்டு எனக்கு ஒருநாளும் தெரிஞ்சதில்லை" என்றார். "இண்டைக்குத் தெரிஞ்சுது."

நான் மீனை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். அழுகிறதைப் பார்த்தால் அதற்கும் ஏதாவது பகிடி விடுவார்.

"உன்ரை அண்ணை கீறினது ஆறடியல்லே?" என்று கூடத்துக்குள்ளிருந்து இவருடைய குரல் கேட்டது. பிறகு அலவாங்கை எடுக்கிற சத்தமும் கேட்டது.