மின்கம்பியில் தொங்கிய அம்மன் சேலை

அம்மனை நம்பி வாழும் என் உறவுகளே, திருவிழா மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரும்படி கோயில் கமிட்டியில் கேட்டார்கள். தருகிறேன். ஆனால் இனிக்க இனிக்க எழுத எனக்கு வராது. அம்மன் எனக்குச் செய்த உதவியை நினைத்தால் கண் கலங்குகிறது. அது நடந்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

என் பெயர் சரோஜா. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறேன். போன கார்த்திகையில் பெய்த மழை உங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் லய வீடுகள் இருக்கும் டிவிஷனுக்கு வரும் பாதை இரண்டு இடத்தில் சரிந்து போயிற்று. பாலமும் போயிற்று. கரண்டு இல்லை. போன் பேச வேண்டுமென்றால் மலை உச்சிக்கு ஏற வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் என் ஒரே மகள் மலர் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதம் முடிகிற நேரம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவள் முகம் ஊதிப்போயிருந்தது. காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. தலை வெடிக்கிறது, கண் மங்குகிறது என்றாள். மிட்வைஃப் மிஸ் சரிந்த மண்ணையெல்லாம் தாண்டி நடந்தே வந்தார். பிரஷர் பார்த்தவர் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

"சரோஜாக்கா, இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிறணும். ஜன்னி வந்திருச்சுன்னா தாயையும் புள்ளயையும் காப்பாத்த ஏலாது."

மலரை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். சரிந்த மண்ணில் கால் வைத்ததும் ஆண்களுக்கு முழங்கால் வரை புதைந்தது. திரும்பிவிட்டார்கள். எங்கள் தோட்டத் தலைவர் உச்சிக்கு ஏறி யார் யாருக்கோ போன் போட்டு, மூச்சு வாங்க இறங்கி வந்தார். மூடுபனி விலகினால் இராணுவ ஹெலிகொப்டர் வருமாம். எங்கள் விளையாட்டு மைதானத்தில் இறங்குமாம். பனியோ வாசலில் நிற்கும் ஆளைக்கூட மறைத்துக்கொண்டிருந்தது.

நான் நேராகக் கோயிலுக்கு ஓடினேன். அழுது கும்பிட வேண்டும் என்றுதான் போனேன். அங்கே போய்ப் பார்த்தால் எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது.

கோயிலுக்குள் சேறு புகுந்ததால் முத்தையா பூசாரி அம்மனின் சேலைகளை எல்லாம் அலசியிருந்தார். அதில் தப்பில்லை. ஆனால் அவர் அவற்றைக் காயப்போட்டிருந்த இடம் மின்கம்பி. கோயில் பக்கத்தில் கம்பியைத் தாங்கி நின்ற கரண்டு மரம் மண்ணோடு சாய்ந்துவிட்டது. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நின்ற மரமும் டர்பன்டைன் மரக் காட்டுக்குள் சாய்ந்து கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது. இரண்டுக்கும் நடுவில், ஆற்றுக்கு மேலே, கம்பி மட்டும் தொய்ந்து தொங்கியது. கோயில் பக்கத்தில் அது கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. பூசாரிக்கு அது துணி காயப்போடும் கொடியாகத் தெரிந்திருக்கிறது.

"பூசாரியய்யா! கரண்டு கம்பியிலயா அம்மன் சேலயக் காயப் போடுவாங்க? ஒங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா?"

"ஏம்மா சத்தம் போடுற? கரண்டுதான் ஒரு வாரமா இல்லயே. லயத்துக் கொடியெல்லாம் நெறஞ்சு கெடக்கு. ஈரத் துணிய எங்க போடச் சொல்ற?"

"திடீர்னு கரண்டு வந்தா? மொதல்ல எடுங்க. கையால தொடாதீங்க, காஞ்ச கம்பால எடுங்க!"

நான் போட்ட சத்தத்தில் அவர் பதறிவிட்டார். மற்றச் சேலைகளைக் கம்பால் தள்ளி இறக்கிவிட்டார். காற்றில் பறக்கக் கூடாதென்று ஒரு சேலையை மட்டும் கம்பியைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். அம்மனுக்குத் திருவிழாவன்று கட்டும் சிவப்புச் சேலை அது. கம்பை விட்டு அதை நெம்பினார். காற்றும் ஒரு அடி அடித்தது. முடிச்சு அவிழவில்லை. சேலை அப்படியே கம்பியில் வழுக்கிக்கொண்டு போய், பள்ளத்தாக்கின் நட்ட நடுவில் நின்றது. யாருக்கும் எட்டாத இடம்.

"இப்ப சந்தோசமா?" என்று பூசாரி என்னைக் கேட்டார். என்னைத்தான் கேட்டார்!

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அம்மன் முன்னால் போய் நின்றேன். கை கூப்பவும் தோன்றவில்லை.

"இந்தா பாரு ஆத்தா. வருசா வருசம் ஒனக்குத் தீச்சட்டி எடுக்கிறேன். ஒரு நாளாவது எனக்கு இதக் குடு, அதக் குடுன்னு கேட்டிருப்பேனா? இன்னைக்குக் கேக்குறேன். எம்புள்ள அங்க துடிக்கிறா. நீ ஒஞ்சேலயக்கூடப் பாத்துக்க முடியாம நிக்கிற. எம்மகள எப்பிடிப் பாத்துக்கப் போற? அந்தப் பனிய விலக்கு. அந்த ஹெலிகொப்டரக் கொண்டாந்து சேரு. இல்லாட்டி இனி இந்தப் படி ஏற மாட்டேன்."

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மதியம் பனி விலகியது. விலகியது என்றா சொன்னேன்? பாதிதான் விலகியது. மலைக்கு மேலே மூடி போட்டதுபோல் நின்றுகொண்டது. கேட்டதைக்கூட முழுதாகத் தர மாட்டாளா என்று அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

மலரைப் போர்வை சுற்றி நாற்காலியோடு மைதானத்துக்குத் தூக்கிப் போனோம். அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? தலைவர் மாலையும் பொட்டுத் தட்டும் கொண்டுவரச் செய்திருந்தார். தோட்டத்துக்கு யார் வந்தாலும் மாலை போட்டுப் பொட்டு வைத்து வரவேற்பதுதானே நம் வழக்கம். ஹெலிகொப்டர் ஓட்டி வருகிறவருக்கும் பொட்டு வைக்க வேண்டுமாம். என் மகளுக்குக் கண் செருகிக்கொண்டு போகிறது. இவர்கள் குங்குமம் குழைக்கிறார்கள்.

அப்போதுதான் பள்ளத்தாக்கின் கீழிருந்து சத்தம் கேட்டது. மேலே பனி மூடியிருந்ததால் ஹெலிகொப்டர் உயரப் பறக்க முடியாமல், பனிக்குக் கீழே, ஆற்றை ஒட்டியே ஏறி வந்தது. மிட்வைஃப் மிஸ்ஸின் முகம் மாறியது.

"தலைவரே, அந்தக் கம்பி தொங்குறத போன்ல சொன்னீங்களா?"

"எந்தக் கம்பி?"

உறவுகளே, மைதானம் எவ்வளவு பெரியது என்று சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்துக் கூரைத் தகரம் என்ன நிறம் என்று சொல்லியிருக்கிறார். கம்பியைச் சொல்லவில்லை. அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? நாங்கள் யாருமே சொல்லவில்லை. தினமும் பார்க்கிற கம்பி. அந்தக் கம்பியின் கீழே நின்று பூசாரியோடு சண்டை போட்ட எனக்கே தோன்றவில்லை.

எல்லோரும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டி, "வராதே, வராதே!" என்று கத்தினோம். பிள்ளைகளோ ஹெலிகொப்டரைக் கண்ட சந்தோசத்தில் கை ஆட்டினார்கள். மேலே இருக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். வா வா என்று கூப்பிடுவதாகத்தான் தெரியும். அது இன்னும் வேகமாக வந்தது. மகளைக் கொண்டுபோக வந்த ஹெலிகொப்டர் என் கண் முன்னாலேயே விழப்போகிறது. அதில் வருகிறவர்களும் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளைகள். எனக்கு வாயில் வந்தது ஒரே சொல். "ஆத்தா!"

அந்த நேரம் காற்றடித்தது. பள்ளத்தாக்கின் நடுவில் சுருண்டு தொங்கிய சிவப்புச் சேலை முழு நீளத்துக்கும் விரிந்தது.

ஹெலிகொப்டர் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஆகாயத்திலேயே நின்றது. கொஞ்சம் ஆடியது. மெதுவாகப் பின்வாங்கியது. பிறகு பனியை உரசிக்கொண்டு மேலே ஏறி, கம்பியைத் தாண்டி வந்து மைதானத்தில் இறங்கியது. அது கிளப்பிய காற்றில் மாலை ஒரு பக்கம் பறந்தது, பொட்டுத் தட்டு ஒரு பக்கம் பறந்தது. தலைவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

டவுனில் இறங்கி மலரை அம்புலன்ஸில் ஏற்றியபோது, கூட வந்த சிப்பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். என் மகள் வயதுதான் இருக்கும். சிங்களத்தில் சொன்னார். மேலேயிருந்து பார்த்தால் கம்பி கண்ணுக்கே தெரியாதாம். கரண்டு மரம் எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் கம்பி இருப்பதைக் கண்டுபிடிப்பார்களாம். இங்கே இரண்டு மரமும் சாய்ந்து கிடந்ததால் ஒன்றுமே தெரியவில்லையாம். இதேபோல் ஒரு கம்பியில் பட்டுத்தான் அவருடைய கூட்டாளி ஒருவர் ஹெலிகொப்டரோடு போய்ச் சேர்ந்தாராம். "அந்தரத்தில் சிவப்பாக ஒரு துணி நின்றது அம்மா. அதைப் பார்த்துத்தான் நிறுத்தினோம். அதைக் கட்டியது யார்?" என்று கேட்டார்.

என்ன சொல்வேன்? பூசாரி கட்டினார் என்பதா? நான் திட்டித் துரத்தியதால் அது நடுவுக்குப் போனது என்பதா? "அது எங்க அம்மனோட சேலை" என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

அன்று சாயங்காலமே வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. ஒரு கைக்குள் அடங்கிவிடும் அளவுதான் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

ஊர் திரும்பினால் அடுத்த எரிச்சல். அம்மன் கனவில் வந்து சேலையைக் கம்பியில் கட்டச் சொன்னாள் என்று பூசாரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அதைக் கேட்டு, நேர்த்திக்கடன் என்று மின்கம்பியில் சேலை போட ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். கம்பி வேலைக்கு ஆட்கள் வந்து சேரும்வரை நான் கொழுந்துக் கூடையோடு அங்கே காவல் நின்று எல்லோரையும் திட்டி அனுப்பினேன். அம்மன் ஒருமுறை காப்பாற்றினாள் என்பதற்காக அவளுக்கு வேலை வைத்துக்கொண்டே இருப்பதா?

என்னிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் தப்பு என்று தெரிந்தாலும் எனக்கென்ன என்று போய்விடுவேன். இப்போது எங்கே கம்பி தொய்ந்தாலும், எங்கே மண் வெடித்தாலும் உச்சிக்கு ஏறிப் போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன். போனை எடுக்கிறவர்களுக்கு என் குரல் பழகிவிட்டது.

என் உறவுகளே, அம்மனை நம்புங்கள். அழகான வார்த்தை வரவில்லை என்று பயப்படாதீர்கள். கோபம் வந்தால் கோபத்தோடு கேளுங்கள். என் வாயைப் பொறுத்துக்கொண்டவள் உங்களையும் பொறுத்துக்கொள்வாள். கேட்டது வேறு மாதிரி வந்தாலும் கொஞ்சம் பொறுத்திருந்து பாருங்கள்.

கம்பியைத் தூக்கிக் கட்டியபோது சேலையை இறக்கிக் கொடுத்தார்கள். வெயிலிலும் மழையிலும் வெளுத்துப் போயிருந்தது. இனி அம்மனுக்கு உடுத்த முடியாது என்று கமிட்டி அதைப் பிரசாதமாக எனக்கே தந்தது. இப்போது எங்கள் லயத்து அறையில் பேத்திக்கு அதுதான் தொட்டில். பூசாரி போட்ட முடிச்சு அதன் ஒரு முனையில் இன்னும் இறுகிக் கிடக்கிறது. மலர் எத்தனையோ தடவை அவிழ்க்கப் பார்த்தாள். நான்தான் வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.