ஓங்கா என்று வைத்த பெயர்

மலாக்காவின் கஜா பெராங்கில் ஓங்கா என்றால் மணல் லாரி ஓட்டும் தம்பிராஜாதான். அந்தப் பெயரை வைத்தவர் ராஜரத்தினம், பக்கத்துப் பண்டார் ஹிலிரில் ஒரு வக்கீல் ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி.

இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். தம்பிராஜா தமிழ்ப்பள்ளியோடு நின்றுவிட்டார். இங்கிலீஷ் பள்ளியில் படித்த ராஜரத்தினம், ஜப்பான்காரன் வருவதற்கு முந்திய வருஷங்களில், சிவப்பு அங்கி போட்டு வானத்தில் பறக்கும் வீரனின் படக்கதைகளை உயிராகச் சேர்த்துவைத்தார். அதிலிருந்து எடுத்த பெயர்தான் ஓங்கா. மற்ற பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஓங்கான்னா யாருடா?" என்று தம்பிராஜா கேட்டதற்கு, "வீரனோட கூட்டாளி, பெரிய பலசாலி" என்று சொல்லிவைத்தார்.

தம்பிராஜா அதை நம்பினார். பிற்பாடு லாரி வாங்கியபோது அதன் நெற்றியிலும் அந்தப் பெயரையே எழுதச் சொன்னார். பெயின்டருக்கு இங்கிலீஷ் எழுத்துகளைத் தாளில் எழுதிக் கொடுத்ததும் ராஜரத்தினம்தான்.

நாடு மெர்டேக்கா என்று சுதந்திரம் கொண்டாடியதற்கு அடுத்த ஜனவரியில் தம்பிராஜா வீடு தேடி வந்தார்.

"ரத்தினம், என் மக சீதாவ இங்கிலீஷ் ஸ்கூல்ல போட்டாச்சு லா. அந்தப் பழைய புக்கு இருந்தா ஒண்ணு கொடேன். அப்பா பேரு எங்கேருந்து வந்துச்சுன்னு அவ பாக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை ராஜரத்தினம் படக்கதைகள் கிடந்த தகரப் பெட்டியைத் திறந்தார். வீரன் மாடியிலிருந்து பாய்ந்து பறக்கும் பக்கம் வந்தபோது பழைய சிலிர்ப்பு அப்படியே எழுந்தது. தரையில் உட்கார்ந்து ஆசையாகப் புரட்டினார். நான்காவது புத்தகத்தில் ஓங்கா வந்தான்.

வில்லனின் அடியாள். தார் நிற உடம்பு, பிதுங்கிய விழி, மூக்கில் எலும்பு. உதை வாங்கிவிட்டு வெள்ளைக்கார வீரனின் காலைப் பிடிப்பதைத் தவிர அவனுக்கு வேறு வேலை இல்லை. பக்கத்தைப் பிடித்திருந்த தன் கையை ராஜரத்தினம் பார்த்தார். வரைந்தவன் கண்ணுக்கு இந்தக் கையும் ஓங்காவின் கைதான். ஆனால் அதைவிட வேறொன்று அவரைச் சுட்டது. பன்னிரண்டு வயதில் எல்லாம் தெரிந்தேதான் அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தார்.

"கரையான் அரிச்சிருச்சுன்னு சொல்லிடுங்க" என்றாள் மனைவி லலிதாம்பாள்.

சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் அந்த எண்ணத்தோடுதான் இருந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், லாரி கழுவிக்கொண்டிருந்த தம்பிராஜாவிடம் நீட்டினார்.

"இதுதான் ஓங்கா. அன்னைக்கு உன்கிட்ட பொய் சொன்னேன்."

தம்பிராஜா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினார். படத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"பசங்க சிரிச்சப்பவே எனக்குச் சந்தேகம்தான். ஆனா நீ படிச்சவன். நீ சொன்னா சரியா இருக்கும்னு நெனச்சேன்."

"மன்னிச்சிரு, தம்பிராஜா."

"சீதா வர்ற நேரம். நீ போ."

புத்தகத்தை மடித்து லாரி சீட்டுக்கு அடியில் திணித்துவிட்டு, மறுபடி வாளியைத் தூக்கினார் தம்பிராஜா. ராஜரத்தினத்துக்குத் தலை நிமிரவில்லை. வந்த வழியே நடந்தார்.

அடுத்த வாரமே லாரியின் நெற்றியில் பச்சைப் பெயின்ட் ஏறியது. ஊர் வாயை யார் பூசுவது? காப்பிக் கடையில் ஒருநாள் பழைய தெருக்காரர் கலியாணசுந்தரம், "ஓங்கா, இங்க வா லா!" என்று கூவினார். ராஜரத்தினம் எழுந்து, "அவர் பேரு தம்பிராஜா" என்றார். கடையே சிரித்தது.

தம்பிராஜா திரும்பிப் பார்க்கவில்லை. காப்பியை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்.