அக்கா எனக்குத் தராத நாற்காலி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் அட்டையைத் திருப்பி, அச்சிட்ட செலவு யாருடையது என்று தேடியவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். அவர்களுக்கு என் தனி வணக்கம். நானும் முதலில் அதைத்தான் தேடுவேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் காலமானால் பதினாறாம் நாள் இலை போட்டு உறவினரை அனுப்பிவைப்பதோடு சரி. மலர் போடுவது கடலுக்கு அந்தப்பக்கம் உள்ள வழக்கம். "அக்காவுக்கு ஒரு மலர் போடணும்" என்று இலங்கையிலிருந்து முதலில் கேட்டபோது, இதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்றுதான் யோசித்தேன். முப்பத்தொன்றாம் நாளில் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டிய மலர் முதலாம் ஆண்டு நினைவு நாளில் வருவதற்கு அந்த யோசனையே காரணம். தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

அக்கா பிறந்தது சேரன்மகாதேவிக்கு மேற்கே, ஆற்றுக்கால் தண்ணீரில் நெல் விளையும் ஒரு சிறிய ஊரில். அப்பா குத்தகைக்கு உழுதவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா தவறிவிட்டார். அதன்பின் எனக்குச் சோறு ஊட்டியதும் அடித்ததும் பள்ளிக்கு இழுத்துப் போனதும் அக்காதான். தன் படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு என்னைப் படிக்க வைத்தார். பிறகு சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளர் வேலை கிடைத்தது. வந்திறங்கும் பருப்பு மூட்டையைத் தன் கண் முன்னால் எடை போடாமல் கையெழுத்துப் போட மாட்டார். வண்டிக்காரர்கள் அக்காவின் பள்ளியைக் கடைசியில்தான் வைத்துக்கொள்வார்கள். அங்கே போனால் நேரமாகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அக்கா கரம் பிடித்தது சைக்கிள் கடை வைத்திருந்த அத்தானை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அத்தான் காலமான பிறகும் அக்கா நிறச் சேலைதான் உடுத்தினார். முகம் சுளித்தவர்களிடம், "ஒங்க கண்ணுக்கு நோவுதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

நான் அரசுப் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். வழியில் ஏறி, எல்லாரும் டிக்கெட் எடுத்திருக்கிறார்களா என்று பார்ப்பது என் வேலை. யாரையும் நம்பாமல் இருப்பதற்கு அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. நான் ஏறியதும் தூங்குவது போலக் கண்ணை மூடுகிறவரைத்தான் முதலில் தட்டுவேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இனிச் சொல்லப்போவதை நீங்கள் இந்தக் கண்ணால்தான் பார்க்கப் போகிறீர்கள்.

அக்காவின் பெயரோடு ஒட்டியே நினைக்கப்படும் இக்கரை அக்கரைப் பாட்டு மன்றம் ஒரு நடவு வயலில் தொடங்கியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துப் பெண் ஒருவர் எங்கள் ஊர் நடவுக்கு வந்திருந்தார். அக்கா பாடிய நடவுப் பாட்டின் மெட்டிலேயே அவர் கொழுந்து பறிக்கும் பாட்டைப் பாடினார். அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த மெட்டு அங்கே எப்படிப் போயிற்று என்று விசாரிக்கத் தொடங்கி, விசாரித்துக்கொண்டே கடல் தாண்டிவிட்டார். ஓராண்டு இங்குள்ள பெண்கள் அங்கே போய்ப் பாடுவது, மறு ஆண்டு அங்குள்ள பெண்கள் இங்கே வந்து பாடுவது என்று ஏற்பாடாயிற்று. இரு கரையிலும் தனித்தனிக் குழு. இரண்டுக்கும் பொதுவாக ஒரு தலைவர். தலைவர் அக்காதான்.

நிதிக்கு அக்கா எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவின் முறையையே எடுத்துக்கொண்டார். கொடைக்குத் தலைக்கட்டு வரி என்று வீட்டுக்கு வீடு ஒரே தொகை வாங்குவோம். மாடி வீட்டுக்கும் ஓலை வீட்டுக்கும் ஒரே வரி. வரி கொடுத்த வீட்டுக்குக் கணக்குக் கேட்கும் கூட்டத்தில் எழுந்து நின்று சண்டை போட உரிமை உண்டு. மன்றத்திலும் அப்படியே. அதிகம் கொடுக்க வந்தவர்களிடம் கோயில் உண்டியலைக் காட்டி அனுப்பிவிடுவார். பணம் கடல் தாண்டக் கூடாது, ஆட்கள்தான் தாண்ட வேண்டும் என்பது இன்னொரு விதி. வருகிற விருந்தாளியின் சாப்பாடும் படுக்கையும் வரவேற்கிற கரையின் செலவு.

அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதானபோது தலைமையை மாற்ற வேண்டி வந்தது. அது என்னிடம்தான் வரும் என்று ஊர் நினைத்தது. நானும் நினைத்தேன். இங்குள்ள குழுவில் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறேன். வரி வசூலுக்கு நான் தெருவில் இறங்கினால் கதவுகள் தாமாகத் திறக்கும். அக்காவோ செல்வராணியின் பெயரைச் சொன்னார். செல்வராணி இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், தொழிலாளர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். நல்ல குரல். பேச்சிலும் குரலிலும் தேன் வடியும். தேன் வடியும் குரலில் பேசிய எத்தனையோ பேரிடம் டிக்கெட் இருந்ததில்லை.

மறுநாள் தேநீர்க் கடையில், "என்ன அண்ணாச்சி, ஒங்க அக்கா மன்றத்தக் கடலுக்கு அங்கன குடுத்துட்டாவளாமே?" என்று கேட்டார்கள். பாதித் தேநீரை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அக்காவைப் பார்த்துக்கொள்ளச் செல்வராணி விசா எடுத்து இங்கே வந்து தங்கினார். அன்றிலிருந்து நான் கவனித்தவற்றைச் சொல்கிறேன். இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள், நான் நடையில் கால் வைத்ததும் பேச்சு அரிசி விலைக்கு மாறும். ஒருநாள் மாத்திரை எடுக்கச் செல்வராணி தன் பையைத் திறந்தபோது, உள்ளே மடிப்புக் கலையாத புதுச் சேலை ஒன்று இருந்தது. இளம் பச்சை நிறம். அதை உடுத்தி நான் அவரைப் பார்த்ததில்லை. பையின் வாயை என்னைக் கண்டதும் மூடினார். நோயாளி இருக்கிற வீட்டில் உடுத்தாத புதுச் சேலையை ஒளித்து வைத்திருந்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கோடி. இறந்தவர்மேல் போர்த்தும் துணி. அக்கா மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே இவர் தயாராக வந்திருக்கிறார் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த வாரமே வாசலில் பெரிய கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் எங்கள் பக்கத்தில் பிறந்து வெளிநாட்டில் தொழில் நடத்தும் செல்வந்தர். ஆப்பிளும் சத்து மாவும் கொண்டுவந்தார். என்னைப் பால் வாங்கி வரச் சொன்னார் அக்கா. வீட்டில் பால் இருந்தது எனக்குத் தெரியும். நான் பால் வாங்கப் போகாமல் கார் ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுத்தேன். முதலாளி தன் தகப்பனார் பெயரில் மன்றத்துக்கு ஒரு கட்டடம் கட்டித் தந்து, இனி ஆகும் செலவையெல்லாம் தானே ஏற்கப் போகிறார் என்றும், இலங்கைக்கார அம்மாதான் முதலில் பேசினார் என்றும் அவர் சொன்னார். அதற்குமேல் எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

கார் போனதும் அக்காவிடம் உட்கார்ந்தேன். செல்வராணி அடுக்களையில் இருந்தார்; அவர் காதிலும் விழட்டும் என்றே பேசினேன்.

"அந்த ஆளுகிட்ட இவ பேசியிருக்கா. ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும். அவதான் எங்கிட்ட வந்து சொன்னா. தோட்டத்துல இந்த வருசம் வரி குடுக்க முடியாத வீடு நெறய இருக்காம். பாவம், அவளுக்கு மனசு கேக்கல. அதான் அவரு வந்தாரு."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்ன சொல்ல? தலைவரு அவ. ஒண்ணு மட்டும் சொன்னேன். அந்தாளு எல்லாத்தையும் குடுத்துட்டா, வரி குடுக்காத பொம்பள கூட்டத்துல எந்திரிச்சு என்னன்னு கேப்பா? பாடிட்டுப் போயிருவா. அத யோசிச்சு முடிவு பண்ணுன்னேன்."

எனக்கு மனம் ஆறவில்லை. பையில் பார்த்த சேலையைச் சொல்ல வாய் வந்தது. நோயாளியிடம் எப்படிச் சொல்வது? அதனால் நேரே கேட்டுவிட்டேன். "ஏன்க்கா, என்ன விட்டுட்டு அவளுக்கு ஏன் குடுத்த?"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். டயாலிசிஸ் ஊசி போட்டுப் போட்டுத் தடித்துப்போன கை அவருடையது.

"நீ தலைவரானா ஒன்ன யாருலே சந்தேகப்படுவா? ஊரே ஒன்னப் பாத்துப் பயப்படுது. அவ தலைவரா இருந்தா நீ விடுவியா?"

"விட மாட்டேன்."

"அதுக்குத்தாம்லே அவகிட்ட குடுத்தேன். ஸ்டீரிங்க நீயே புடிச்சுக்கிட்டா டிக்கெட்ட யாரு பாப்பா?"

நாற்காலி கிடைக்காத வருத்தம் அன்றைக்கு இருந்தது. இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது. அக்கா என்னைப் புகழ்ந்தாரா, என் வாயை அடைத்தாரா என்பதும் எனக்கு முழுவதும் விளங்கவில்லை. அக்காவையும் சந்தேகப்படலாம், அதற்கு அவர் இடம் கொடுத்தே வைத்திருந்தார்.

சில நாட்களில், காலை இட்லியில் பாதியை வேண்டாமென்று தள்ளி வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்த அக்கா, அப்படியே கண் மூடிவிட்டார்.

பிறந்த வீட்டுக் கோடி வராமல் ஒரு பெண்ணின் உடலை எடுக்க மாட்டோம். அக்காவுக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான். டவுனுக்குப் போய் அரக்கு நிறத்தில் ஒரு சேலை எடுத்து வந்தேன். தாமிரபரணியிலிருந்து நீர்மாலையாகக் குடத்தில் தண்ணீர் வந்து, அக்காவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். நான் கோடியோடு நெருங்கியபோது, கூட்டத்தின் ஓரத்தில் செல்வராணி நின்றார். கையில் அந்த இளம் பச்சைச் சேலை. முன்னால் வரவும் இல்லை, பின்னால் போகவும் இல்லை.

அத்தனை பேர் முன்னால் கேட்டேன். "இந்தச் சேல எப்ப எடுத்தது?"

"வரும்போதே கொண்டுவந்தேன் அண்ணே," என்றார். குரலில் தேன் இல்லை. அழுது அழுது கட்டிப்போயிருந்தது. "பதவி மாத்துனத எல்லாருக்கும் சொல்ற கூட்டத்துல அக்கா உடுத்தணும்னு எங்க ஆளுங்க எடுத்தது. பணந்தானே கடல் தாண்டக் கூடாது, சேலை தாண்டலாமேன்னு எடுத்தோம். அக்கா எந்திரிச்சு நடமாடட்டும், அப்ப குடுக்கலாம்னு வச்சிருந்தேன். அவங்க எந்திரிக்கவே இல்லையே."

"யாரு காசு?"

சுற்றி இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். சாவு வீட்டில் கேட்கிற கேள்வியா என்று ஒருவர் என் தோளைத் தொட்டார். செல்வராணி மட்டும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

"வீட்டுக்கு வீடு வரி போட்டோம் அண்ணே. எல்லாருக்கும் ஒரே அளவு. இல்லாத வீட்டுக்கு மத்தவங்க கொழுந்து பறிச்சுக் குடுத்து, அந்த வீட்டுப் பேருலதான் சேத்தாங்க. கடை முதலாளி ஒருத்தர் முழுச் சேலையும் நானே தாறேன்னார். வேணான்னுட்டேன்."

என் சேலையை விரித்தேன். அதன் மேலே பச்சைச் சேலையை விரிக்கச் சொல்லி, ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். மறு முனையைச் செல்வராணி பிடித்தார். பிறந்த வீட்டுக் கோடி இரண்டு சேலையாக அக்காவோடு போயிற்று. என் வாழ்நாளில் நான் அப்படி அழுததில்லை.

செல்வராணி தோட்டத்துக்குத் திரும்பினார். அடுத்த மாதக் கூட்டம் வழக்கம்போல் கைபேசி வழியே இரு கரைக்கும் நடந்தது. செல்வந்தரின் கட்டடம் வேண்டாம் என்று முடிவாயிற்று. கொடுக்க இயலாத வீட்டுக்கு மற்றவர்கள் உழைத்து அந்த வீட்டின் பேரிலேயே வரி சேர்ப்பது என்றும் தீர்மானித்தார்கள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அக்காவின் நாற்காலி காலியாகக் கிடந்தது. அதற்கடுத்த கூட்டத்திலும் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். மலர் போட வேண்டும் என்று அங்கிருந்து மறுபடியும் சொன்னதற்கும் பதில் சொல்லவில்லை.

ஒருநாள் செல்வராணி என்னைக் கைபேசியில் அழைத்தார்.

"அண்ணே, ரெண்டு கூட்டமா நீங்க ஒண்ணுமே கேக்கல. நான் சொல்றதுக்கெல்லாம் எல்லாரும் சரி சரிங்கிறாங்க. எனக்குப் பயமா இருக்கு."

"சரி, இந்த மலருக்கு யார் பணம்?" என்று கேட்டேன். மறுமுனையில் அவர் பெரிதாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அவர் சொன்ன பதிலை இங்கும் அங்கும் விசாரித்தேன். சரியாகவே இருந்தது. இரு கரையிலும் வீட்டுக்கு வீடு ஒரே அளவு வரி. இக்கரைப் பிரதிகள் இக்கரைப் பணத்தில், அக்கரைப் பிரதிகள் அக்கரைப் பணத்தில். ஆகவே இதில் ஒரு பிழை இருந்தாலும் என்னைக் கேட்க உங்கள் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு.

அக்காவின் நோய்க்காலத்தில் உடனிருந்த செவிலியர்களுக்கும், ஆஸ்பத்திரிக்குக் கூலி வாங்காமல் ஆட்டோ ஓட்டிய மேலப்பாளையம் தம்பிக்கும், நீர்மாலை எடுத்த அத்தானின் பங்காளிகளுக்கும், பதினாறாம் நாள் பந்தியில் பரிமாறியவர்களுக்கும், கடல் தாண்டி வந்து பாடிய பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செல்வராணிக்கு நன்றியை இங்கே எழுதவில்லை. அடுத்த கூட்டத்தில் அவரிடம் கேட்க மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன்.