பத்மாசனி ரீச்சரின் விண்மீன் படம்

பத்மாசனி ரீச்சர் முள்ளியவளைக்கு மாற்றலாகி வந்து பதினொரு வருடம். அத்தனை வருடமும் விஞ்ஞானம் படிப்பித்தவர் அவர். பதிவில் விஞ்ஞான ஆசிரியராக இருந்தவர் யோகநாதன் மாஸ்டர். வேட்டி கட்டியவர் சொன்னால்தான் அது விஞ்ஞானம் என்பது அந்தப் பாடசாலையின் தத்துவம். இப்படிச் சில தத்துவங்கள் உண்டு. யாரும் நிரூபிக்கச் சொல்லிக் கேட்பதில்லை.

1962இல் பாடசாலைக் கண்காட்சிக்காக ரீச்சர் ஒரு மாதம் இருந்து ஒரு படம் கீறினார். விண்மீன்களின் தூரத்தை அறியும் வழி அது. சில விண்மீன்களின் ஒளி கூடிக் குறையும். எவ்வளவு மெதுவாகக் கூடிக் குறைகிறதோ, அவ்வளவுக்கு உண்மையான ஒளி அதிகம். அது தெரிந்தால், கண்ணுக்குத் தெரியும் மங்கலை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம். இதைக் கண்டவர் அமெரிக்காவில் விண்மீன்களின் புகைப்படத் தகடுகளை நாள்முழுதும் ஒப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண். ஹென்றியற்றா லெவிற் என்று அவருடைய பெயரைப் படத்தின் தலையில் எழுதினார் ரீச்சர்.

தலைமை ஆசிரியர் கதிர்காமநாதன் பார்த்தார்.

"இந்தப் பொம்பிளையின்ரை பேர் எதுக்கு ரீச்சர்? விஞ்ஞானிகள் எண்டு போடுங்கோவன்."

"கண்டுபிடிச்சது அவா, சேர்."

"அவவுக்கு மேலை ஒரு துரை இருந்திருப்பார்தானே?"

"இருந்தவர். அவருக்குப் பேர் கிடைச்சிட்டுது."

கண்காட்சியன்று காலை அந்தப் பெயரின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. படத்தருகே விளக்கம் சொல்ல யோகநாதன் மாஸ்டர் நின்றார். ரீச்சருக்கு வேறு வேலை: கல்வி அதிகாரிக்குத் தேநீரும் வடையும்.

அவர் தட்டோடு வந்தபோது அதிகாரி கேட்டுக்கொண்டிருந்தார். "கிட்ட இருக்கிற சின்ன விளக்கும் தூர இருக்கிற பெரிய விளக்கும் ஒரே மாதிரித்தானே தெரியும். எது பெரிசெண்டு எப்பிடி அறியிறது?"

மாஸ்டர் வியர்வையைத் துடைத்தார். "தொலைநோக்கி பெரிசெண்டால் தெரியும், சேர்."

"கூடிக் குறைய எத்தினை நாள் எண்டு எண்ணினால் தெரியும்" என்றார் ரீச்சர். தட்டை மேசையில் வைத்துவிட்டு வெள்ளைத்தாளை உரித்தார். மாப்பசை இன்னும் காயவில்லை. "இவாதான் எண்ணினவா."

அதிகாரி பெயரை வாசித்தார், தலையாட்டினார், வடையை எடுத்தார். பிறகு பதிவேட்டில் எழுதினார்: 'யோகநாதன் ஆசிரியரின் விளக்கம் மிகச் சிறப்பு.'

தலைமை ஆசிரியருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. "ரீச்சர், உங்கடை எழுத்து வடிவு. அதிகாரி எழுதினதைப் பெரிசா எழுதித் தாங்கோ, பிறேம் போட்டு மாட்டுவம்."

"மாஸ்டரே எழுதட்டும், சேர். எல்லாம் செய்தவர் அவர்தானே."

மாஸ்டரே தன் கோணல் எழுத்தில் எழுதினார். ரீச்சர் தன் படத்தைப் பெயரோடு வகுப்பறைக்குக் கொண்டுபோய் மாட்டினார். தலைமை ஆசிரியரின் அறைக்கு வந்தவர்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த கிறுக்கலைப் பார்த்தார்கள். ஒரு சொல்லும் விளங்காமலே பாராட்டிவிட்டுப் போனார்கள்.