அய்யாவிடம் சொல்லிவிட்டு வந்தது

கொழும்புக்கு நான் முதன்முதலாகப் போனது மூன்று மாத விசாவில். ஐம்பதுகளின் கடைசி. கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிந்திருந்தது. அதில் புருஷனோடு சேர்ந்து இருந்தது ஒரு மாதம்கூட இல்லை. அவர் கொழும்பில் ஒரு மொத்தப் பலசரக்குக் கடையில் சரக்குப் பொறுப்பில் இருந்தார். தாலி கட்டினார், மறுவீடு வந்தார், லீவு முடிந்தது என்று கப்பலேறிவிட்டார்.

முன்பெல்லாம் எங்கள் பக்கத்து ஆட்கள் சந்தைக்குப் போவதுபோல அக்கரைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்களாம். இரண்டு நாட்டுக்கும் சுதந்திரம் வந்தபிறகு காகிதமும் வந்துவிட்டது. அவருக்கே அங்கே தங்கும் பெர்மிட்டைத் தவணை தவணையாக நீட்டித்துத்தான் கொடுத்தார்கள். பெண்டாட்டி போய்த் தங்குவதென்றால் அதற்குத் தனிக் காகிதம். சும்மா பார்த்துவிட்டு வருவதென்றால் வேறு காகிதம். எனக்குக் கிடைத்தது இந்த இரண்டாவது. குறித்த நாளில் என் மகள் திரும்பிவிடுவாள் என்று அய்யா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்ப் பாசனத்தில் நெல் விதைக்கிற மனிதர் அவர். கையெழுத்துப் போடுமுன் இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டார்.

மண்டபம் கேம்ப் வரைக்கும் அய்யா கூட வந்தார். சிலோன் போகிறவர்களை அங்கேதான் டாக்டர் பார்ப்பார், காகிதம் பார்ப்பார்கள். அதன்பிறகு ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பல். எனக்குத் துணையாகக் கடைக்காரர் குடும்பம் ஒன்று வந்தது. கேம்ப் கேட்டுக்கு வெளியே அய்யாவிடம் "போயிட்டு வாரேன்யா" என்றேன். "மகராசியாப் போயிட்டு வாத்தா" என்றார்.

கொச்சிக்கடைப் பக்கம் ஒற்றை அறை ஒன்றை அவர் எனக்காக வாடகைக்குப் பிடித்திருந்தார். அதுவரை கடை மாடியில் மற்ற ஆட்களோடுதான் படுக்கை. அந்த அறையில்தான் எனக்குப் புருஷன் அறிமுகமானார் என்று சொல்ல வேண்டும். கத்திரிக்காய்க் குழம்பு அவருக்குப் பிடிக்காது என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. இரண்டு வருஷமாக ஊரில் கத்திரிக்காயைப் பார்க்கும்போதெல்லாம் இதை அவருக்கு வைத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தவள் நான். முதல் நாள் வைத்தேன். ஒரு வார்த்தை சொல்லாமல் முழுதும் சாப்பிட்டார். நாலாவது தடவை வைத்தபோதுதான் கடை ஆள் ஒருவர் போட்டுக்கொடுத்துவிட்டார். ஏன் சொல்லவில்லை என்று சண்டைக்குப் போனேன். "நீ ஆசையா வச்ச" என்றார். எனக்குக் கோபமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன.

இரண்டு மாதம் போனதே தெரியவில்லை. அதற்குமேல் காலண்டரைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. எனக்கு அவரை விட்டுப் போக மனசில்லை. அவ்வளவுதான் விஷயம். இனி ஒரு அறையில் சேர்ந்து இருப்போமா, இல்லை கடுதாசியிலேயே குடும்பம் நடத்துவோமா என்பதுதான் அப்போது என் முன்னால் நின்ற கேள்வி.

வழி இரண்டு இருந்தது. அங்கே இருந்துகொண்டே, நான் இன்னாருடைய மனைவி, இங்கேயே தங்க விடுங்கள் என்று எழுதிக் கொடுக்கலாம். பதில் வரும்வரை பெரும்பாலும் துரத்தமாட்டார்கள் என்றார்கள். இல்லையென்றால், குறித்த நாளில் ஊர் திரும்பி, அங்கிருந்து முறையாக மனுப் போட்டுக் காத்திருக்கலாம். அதற்கு ஒரு வருஷமும் ஆகலாம், மூன்றும் ஆகலாம். கடையில் ஆளுக்கொரு அபிப்பிராயம். "கைக்கு வந்த பொண்டாட்டிய யாராச்சும் திருப்பி அனுப்புவாகளா? இருக்கச் சொல்லப்பா" என்றார் தலைமை ஆள். "இருந்து, இல்லைன்னு சொல்லிட்டா என்ன பண்ணுவ? ஒன் பெர்மிட்டும் போயிரும்" என்றார் இன்னொருவர். என் புருஷன் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, "ஒன் இஷ்டம்" என்பார். கத்திரிக்காயைத் தின்ற அதே முகம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் நான்தான் அவரை இழுத்துக்கொண்டு குடிவரவுக் கந்தோருக்குப் போனேன். அங்கே ஆபீசைக் கந்தோர் என்பார்கள். மேஜைக்குப் பின்னால் ஒரு சிங்கள அதிகாரி. பக்கத்தில் மூக்குக் கண்ணாடி போட்ட யாழ்ப்பாணத்துப் பெரியவர், மொழிபெயர்ப்புக்கு. அதிகாரி நல்ல மனிதர்தான். கெட்டவராக இருந்திருந்தால் ஆயுசுக்கும் திட்டிக்கொண்டிருக்க வசதியாக இருந்திருக்கும். என் மனுவை வாங்குவதற்கு முன்னால் சில கேள்விகள் கேட்டார். ஊர் எது, கல்யாணம் எங்கே நடந்தது, பிள்ளை உண்டா. பிறகு இங்கிலீஷில் என்னவோ நீளமாகக் கேட்டார்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் ஊரிலயிருந்து வெளிக்கிடேக்க தகப்பனாரிட்ட என்ன சொல்லிப்போட்டு வந்தனீங்கள் எண்டு ஐயா கேக்கிறார்."

இது என்ன கேள்வி என்று இருந்தது எனக்கு. ஊர் உலகத்தில் எல்லாரும் சொல்வதைத்தானே நானும் சொன்னேன்.

"போயிட்டு வாரேன்யான்னு சொன்னேன்."

பெரியவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். அப்புறம் இங்கிலீஷில் சொன்னார். எட்டாவது வரை படித்தவள் நான். 'கம் பேக்' என்று காதில் விழுந்தது. விழுந்ததுமே தப்பாகிவிட்டது என்று தெரிந்தது. அதிகாரி சிரித்துவிட்டு, மனுவை மெதுவாக என் பக்கமே நகர்த்தினார். திரும்பிப் போகும் எண்ணத்தோடுதான் வந்திருக்கிறீர்கள், உங்கள் தகப்பனாரும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார், நீங்கள் மனுவைக் கொடுத்தால் இதையும் நான் அதில் எழுத வேண்டியிருக்கும், யோசித்து வாருங்கள் என்று பெரியவர் வழியாகச் சொன்னார்.

அவருடைய கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. தங்கத்தான் வந்தேன் என்றால் அய்யா எழுதிக் கொடுத்தது பொய். திரும்பத்தான் வந்தேன் என்றால் இந்த மனு எதற்கு? ஆனால் எங்கள் வீட்டில் பக்கத்துத் தெருவுக்குப் போவதென்றாலும் யாரும் 'போறேன்' என்று சொல்லமாட்டார்கள். செத்துப் போகிறவர்கள் போகிறார்கள். மற்றவர்கள் போயிட்டு வருகிறார்கள். இதை ஒரு சிங்களத்துக்காரருக்கு இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

பெரியவர் எங்களோடு நடைவரை வந்தார். அவரைத்தான் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்கய்யா, ஒங்க ஊர்ல என்ன சொல்லுவாக? போறேன்னா சொல்லுவாக?"

"போட்டு வாறன் எண்டுதான் சொல்லுவம். என்ர மகள் கலியாணம் முடிச்சுப் போகேக்கையும் அப்பிடித்தான் சொன்னவள்."

"அப்பறம் அத ஏன் அவருகிட்டச் சொல்லல?"

என் புருஷன் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். பெரியவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொன்ன சொல்லை மாத்த எனக்கு உரிமையில்லைப் பிள்ளை. ஆனால் ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ. இங்க குடுத்து, இல்லையெண்டு வந்தால் அது பாஸ்போர்ட்டில நிக்கும். பிறகு பாக்கிறதுக்கும் வர ஏலாது. ஊருக்குப் போய்க் கேட்டால் நாள் செல்லும். ஆனால் கதவு சாத்துப்படாது" என்றார். எனக்குக் கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது. தன் மகள் போன நாளை அவர் நினைத்துக்கொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

நேரே அறைக்குப் போகப் பிடிக்காமல் காலிமுகத்திடல் கடற்கரையில் போய் உட்கார்ந்தோம். "ஒங்க வாயால ஒரு தடவ சொல்லுங்க. இருக்கவா, போகவா?" என்று கேட்டேன். கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இருன்னு சொன்னா, என் ஆசைக்கு ஒன்னையப் பிடிச்சுக் கெணத்துல தள்ளுன மாதிரி. போன்னு சொன்னா, நீ வேணாம்னு சொன்ன மாதிரி. நான் என்னத்தச் சொல்லட்டும்?"

இத்தனை நாளாக 'ஒன் இஷ்டம்' என்று அவர் சொன்னதன் அர்த்தம் இதுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரைத் திட்டியதற்கெல்லாம் மனசு வலித்தது. போய்க் கேட்பது என்று முடிவு செய்தேன். அய்யா வாக்கைக் காப்பாற்றத் திரும்பினேன் என்று பின்னால் சொந்தக்காரர்கள் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். அதுவும் உண்டுதான். ஆனால் பாதிக்கு மேல் பயம். 'இல்லை' என்ற முத்திரை ஒன்று விழுந்து, அந்தக் கதவு சாத்திவிடுமோ என்ற பயம்.

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் வண்டி கிளம்பும்போது அவரிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. வழக்கமான வார்த்தையைச் சொல்லப் பயமாக இருந்தது. கடைசியில் "வாரேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே, "வா" என்றார்.

ஊருக்கு வந்து, மனுப் போட்டு, பதினாலு மாதம் ஆனது. விதைப்பு வந்தது, அறுப்பு வந்தது, கண்மாய் வற்றி மறுபடி பெருகியது. தபால்காரர் என்னைக் கண்டாலே தூரத்திலேயே கையை விரித்துவிடுவார். "அக்கரையில வேற குடும்பம் வச்சிருப்பாக" என்று என் காதுபடவே பேசினாள் ஒருத்தி. "வச்சா கத்திரிக்காயாச்சும் அவ வைக்காம இருப்பா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன்.

அந்த மனுவில் ஒரு கேள்வி இருந்தது. குடியேறிய பிறகு திரும்பி வரும் எண்ணம் உண்டா? தாலுகா ஆபீஸ் வாசலில் எழுதிக் கொடுக்கிறவர் அதைத் தமிழில் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அய்யாவைப் பார்த்தேன். கொழும்பில் நடந்ததையெல்லாம் அவரிடம் சொல்லியிருந்தேன். அய்யா தலையைக் குனிந்துகொண்டே, "இல்லைன்னு போடுங்க" என்றார்.

அனுமதி வந்த வாரத்திலேயே கிளம்பினேன். வீட்டில் ஆத்தாவிடம் வழக்கம்போலப் போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அய்யா மறுபடி மண்டபம் வரை வந்தார். அன்றைக்குக் காற்று மண்ணை அள்ளி முகத்தில் அடித்தது. கேம்ப் கேட்டுக்கு முன்னால் பெட்டியை என் கையில் கொடுத்தார்.

"ஏத்தா, உள்ள கேப்பாக. அன்னைக்கு மாதிரி மாட்டிக்கிறப்படாது. எங்கிட்டப் போறேன்னு சொல்லிட்டுப் போ."

"என்னய்யா பேச்சு இது?"

"சொல்லுத்தா. கேட்டாகன்னா, இதத்தான் சொன்னேன்னு உள்ளதச் சொல்லலாம்ல."

நான் மாட்டேன் என்றேன். அவர் விடவில்லை. இந்த ஒரு வார்த்தையால் எனக்கு வாழ்க்கை தவறிவிடக் கூடாது என்று எத்தனை நாளாக யோசித்து வைத்திருந்தாரோ. அவர் கண்ணைப் பார்க்க முடியாமல் பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"போறேன்யா."

"சரி, வா" என்றார் அய்யா.

உள்ளே டாக்டர் கண்ணை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். அடுத்த மேஜையில் இருந்தவர் போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். அவ்வளவுதான்.

"வேற ஒண்ணும் கேக்கணுமாங்க?" என்று நானே கேட்டேன்.

"ஒண்ணும் இல்லம்மா. நகருங்க" என்றார்.

முத்திரை விழுந்தபிறகு வெளியே விடமாட்டார்கள். வேலிக் கம்பி வரைக்கும் ஓடினேன். அய்யா அதற்குள் ரோட்டுப் பக்கம் பாதித் தூரம் நடந்துவிட்டிருந்தார்.

"அய்யா! கேக்கலய்யா! அவுக ஒண்ணுமே கேக்கலய்யா! நான் போயிட்டு வாரேன்யா!"

அவர் நின்று திரும்பினார். காற்று எதிர்த்து அடித்துக்கொண்டிருந்தது. காதோரம் கையை வைத்து, என்னவென்று கேட்பதுபோலத் தலையைச் சாய்த்தார். நான் இன்னொரு தடவை கத்தினேன்.