அரிசி அட்டையில் இருந்த பேர்

எங்களுக்கு வீடு இல்லை எண்டதப் பத்தி யோசிக்கிறதுக்கு நாலு கூட்டம் வெச்சாங்க. நாலுக்கும் நான் போனன். இதுல யோசிக்க என்ன கிடக்கு எண்டு முதல் நாளே கேட்டும் போட்டன். என்ட வாய் அப்படி, இண்டைக்கும் மாறல்ல.

அப்ப நாங்க கல்முனையில ஒரு பழைய நெல் ஸ்டோருக்குள்ள இருந்தம். வயல் பக்கமா இருந்த எங்கட ஊருல சண்டை வந்து, வீடெல்லாம் எரிஞ்சு, உடுத்த உடுப்போட ஓடி வந்து மூணு வருசம். ஸ்டோருக்குள்ள சாறியும் உரச்சாக்கும் கட்டி மறைச்சு, குடும்பத்துக்கு ஒரு பங்கு. நெல்லு போய் எத்தனையோ காலம், அரிக்கிற சுணை மட்டும் சுவர விட்டுப் போகல்ல. என்ட மகள் கழுத்தச் சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாக்கிக்குவா. அவக்குப் பதிமூணு வயசு. வயசுக்கு வந்த புள்ள, பழைய சாறித் துண்டுக்குப் பின்னால நிண்டு உடுப்பு மாத்தும். நான் அந்தத் துண்ட இழுத்துப் பிடிச்சுக்கொண்டு நிப்பன்.

எங்கட பக்கத்துல வீடு எண்டா அது பொம்புளைக்குத்தான். வெளியூர் ஆக்களுக்கு இத விளங்கப்படுத்திறது கஷ்டம். மகள் பொறந்தா உம்மாவும் வாப்பாவும் அவக்கு ஒரு வீடு கட்டோணும். கட்ட ஏலாட்டி தாங்க இருக்கிற வீட்ட அவட பேருக்கு எழுதிக் குடுத்திட்டு, வளவுக்குப் பின்னால ஒரு குடிசையப் போட்டு ஒதுங்கிக்கோணும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பாரு. வீடில்லாத குமரக் கேட்டு ஒருத்தனும் வரமாட்டான். இது நல்லதா கெட்டதா எண்டு கதைக்க நான் வரல்ல. அந்த வழக்கத்துக்குள்ளதான் என்ட மகள் பொறந்திருந்தா, அவக்குக் குடுக்க என்னக்கிட்ட ஒரு சாறி மறைப்புத்தான் இருந்திச்சு.

என்ட புருசனும் அப்படி என்ட வீட்டுக்கு வந்து இருந்தவர்தான். வீடு எரிஞ்சு ஒரு வருசத்துல, நிந்தவூருல ஒரு கடையில வேலை எண்டு போனாரு. போனவரு அங்க வீடுள்ள ஒருத்தியக் கலியாணம் முடிச்சு, அந்த வீட்டுலயே இருந்திட்டாரு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல, ஆனா வெக்கம் அதவிடப் பெரிசு. ஸ்டோருல கேட்ட ஆக்களுக்கெல்லாம், “நிந்தவூருல வேல, லீவு குடுக்கிறாங்க இல்ல” எண்டு சொல்லி வெச்சன். ரெண்டு வருசம் அதையே சொன்னன். மகளுக்கும் அதத்தான் சொன்னன்.

முதல் கூட்டம் ஸ்கூல் மண்டபத்துல. எங்களுக்கு வீடு கட்டித் தர ஒரு நிறுவனம் முன்வந்திருந்திச்சு. அங்கயிருந்து ஒரு மிஸ்ஸும் ரெண்டு தம்பிமாரும் வந்தாங்க. ஆளுக்கொரு கலர் அட்டையும் தடிச்ச பேனையும் தந்தாங்க. “வீடில்லாப் பிரச்சினைக்கு உங்கட மனசுல படுற தீர்வ எழுதிச் சுவருல ஒட்டுங்க, சரி பிழை எண்டு ஒண்டும் இல்ல” எண்டா மிஸ். ஒரு சட்டமும் சொன்னா: ஒட்டின அட்டைய எழுதின ஆளத் தவிர வேற ஆரும் கழட்டக் கூடாது. நான் ‘வீடு’ எண்டு ஒரு சொல்லு எழுதி ஒட்டினன்.

“இன்னும் கொஞ்சம் விரிவா யோசிச்சுப் பாருங்களன்” எண்டா.

“பசிச்சவனுக்கிட்டப் போய் சோத்தப் பத்தி விரிவா யோசி எண்டா அவன் என்ன மிஸ் செய்வான்?”

மண்டபமே சிரிச்சுது. மிஸ்ஸும் சிரிச்சா. கெட்ட மனுசி இல்ல, பாவம். எங்களக் கதைக்க விட்டா எல்லாம் சரிவரும் எண்டு மெய்யாவே நம்பினா.

ரெண்டாம் கூட்டத்துல பெரிய தாள விரிச்சு, உங்களுக்கு வேணுமான வீட்டக் கீறுங்க எண்டாங்க. நாங்க பொம்புளைகள் ஒண்டாக் குந்திக் கீறினம். ரெண்டு அறை, பின்னால குசினி, கிணறு, வளவு மூலையில ஒரு குடிசை. “இது என்னத்துக்கு ரெண்டு வீடு?” எண்டு ஒரு தம்பி கேட்டாரு. மகள் கலியாணம் முடிச்சா நாங்க போய் இருக்கிற இடம் எண்டு சொன்னம். வழக்கம் முழுக்கத்தையும் சொன்னம். அவரு தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டாரு. கேட்டுப்போட்டு ஒரு அட்டையில ‘கலாசாரம்’ எண்டு எழுதி, சுவருல ஒரு ஓரமா ஒட்டினாரு. அதோட அந்தக் கதை முடிஞ்சுது.

மூணாம் கூட்டத்துக்குப் போனா, சுவருல பட்டியல் தொங்குது. மாவடிப்பள்ளிப் பக்கமா வயலோரத்துல காணி கிடைச்சிட்டுது, வீடு வரப்போகுது. எல்லாரும் அல்ஹம்துலில்லாஹ் எண்டாங்க. நானும் சொல்லிக்கொண்டே கிட்டப் போய்ப் பாத்தன். முழுக்க ஆம்புளைகள்ட பேரு. என்ட குடும்பத்துக்கு நேர என்ட புருசன்ட பேரு. அந்தப் பேருலதான் காணி உறுதிப் பத்திரமும் வரும் எண்டு கீழ எழுதியிருந்திச்சு.

இதுல எங்கட பிழையும் இருக்கு, மறைக்க மாட்டன். ஓடி வந்த புதுசுல நிவாரண அரிசிக்கு அட்டை குடுத்தாங்க. அரசாங்கக் கந்தோருல லைனுல நிக்கிறது ஆம்புளைகள்ட வேல, அவங்கட பேருலயே அட்டையும் வந்திச்சு. நாங்க ஒருத்தியும் அதக் கணக்கெடுக்கல்ல. அரிசிக்குத்தானே பேரு, வீட்டுக்கா எண்டு இருந்திட்டம். வீட்டுக்கு ஆம்புளைட பேர எழுதுவாங்க எண்டு எங்கட மூளைக்கு எட்டவே இல்ல, எங்கட ஊருல ஆரும் அப்படிக் கேள்விப்பட்டதில்ல. அவர் போன பிறகும் நான் அந்த அட்டைய மாத்தல்ல. மாத்தப் போனா, ஏன் எண்டு கேப்பாங்க. அதுக்குப் பயந்து அவர்ட பேரையே தூக்கிக்கொண்டு திரிஞ்சன். இப்ப நிறுவனம் அந்த அரிசி அட்டைகளப் பாத்து வீட்டுப் பட்டியலப் போட்டிருக்கு.

“மிஸ், இதுல பேர மாத்தோணும்” எண்டன்.

“படிவத்துல குடும்பத் தலைவர் எண்டு ஒரு இடம்தான் இரிக்கி” எண்டா.

“ஊடு கட்ட இடம் இரிக்கி, ஊட்டுக்காரிட பேர எழுத இடம் இல்லையா?”

மிஸ் படிவத்தத் திருப்பித் திருப்பிப் பாத்தா. அடுத்த கூட்டத்துல எல்லாரும் கையெழுத்து வெக்கோணும் எண்டு மட்டும் சொன்னா.

நாலாம் கூட்டத்துக்கு என்ட புருசன் வந்தாரு. ஆரு சொன்னாங்களோ தெரியா. ஸ்திரி போட்ட சேர்ட்டு, அத்தர் வாசம், முன் வரிசையில கால் மேல கால். நான் மகளோட உள்ளுக்குப் போன உடனே கண்டுட்டன். மகளும் கண்டுட்டா. நான் அவட கையப் பிடிச்சுக்கொண்டு நேர முன்னுக்கு நடந்தன். பள்ளிவாசல் நிருவாகத்துல இருக்கிற மரைக்கார் எங்களக் கண்டதும் எழும்பி வந்து, “புள்ள, கத்தாம இரிங்க. அவர் கையெழுத்த வெக்கட்டும், ஊடு வந்த பிறகு மத்தத கதைச்சுக்கலாம்” எண்டு காதோரம் சொன்னாரு.

“மரைக்கார் மாமா, நீங்க இரிக்கிற ஊடு ஆரிட பேர்ல?”

அவரு தாடியத் தடவினாரு. மாமிட பேர்ல எண்டு ஊருக்கே தெரியும்.

மிஸ் பட்டியலப் பாத்து எங்கட பேர வாசிச்சா. “நீங்க ரெண்டு பேரும் ஒண்டாத்தானே இரிக்கீங்க?”

“ஓம் மிஸ், ஒண்டாத்தான்” எண்டாரு அவர், கூச்சமே இல்லாம. பிறகு என்னப் பாத்துத் திரும்பி, பெரிய மனசு பண்ணுற மாதிரி, “என்னத்துக்குப் பயப்புடுறாய்? ஊடு வந்தா நீயும் இருந்துக்க” எண்டாரு.

நீயும் இருந்துக்க! என்ட உம்மாவுக்கு அப்படி ஒருத்தன் சொல்லியிருப்பானா? எங்கட ஏழு தலைமுறையில ஒரு பொம்புளைய, அவ வீட்டுல ‘நீயும் இரு’ எண்டு ஒரு மாப்பிள்ளை சொல்லியிருப்பானா? ஆனா அவரப் பொய்யன் எண்டு சொல்ல வாயெடுத்தா, ரெண்டு வருசமா நான் சொன்ன பொய்தான் முன்னுக்கு வந்து நிக்கிது. ஸ்டோரு சனம் முழுக்க அங்க இருந்திச்சு. மகள் பக்கத்துல நிண்டா.

“மிஸ், இவர் என்னோட இல்ல” எண்டன். “வேல எண்டு நான் சொன்னது பொய். இவர் என்ன விட்டுட்டுப் போய் ரெண்டு வருசம். நிந்தவூருல கலியாணம் முடிச்சு அந்தப் பொம்புளைட ஊட்டுல இரிக்காரு. வெக்கத்துல மறைச்சன். இனி மறைக்க மாட்டன்.”

நான் மேசையில கிடந்த மஞ்சள் அட்டை ஒண்ட எடுத்து என்ட பேரப் பெரிசா எழுதினன். திரும்பினா, மகள் ஒட்டுற கம் போத்தலத் திறந்து கையில பிடிச்சுக்கொண்டு நிக்கா. என்னக்கிட்ட நீட்டினா. பட்டியலுல அவர்ட பேருக்கு மேல அட்டைய வெச்சு அழுத்தி ஒட்டினன்.

“மிஸ், உங்கட சட்டம் ஞாபகம் இரிக்கா? எழுதினவதான் கழட்டலாம். நான் கழட்ட மாட்டன். செத்து மௌத்தானாலும் கழட்ட மாட்டன்.”

அவர் எழும்பிச் சத்தம் போடத் தொடங்கினாரு. அந்த நேரம் எங்களுக்கு அடுத்த மறைப்புல இருக்கிற, நான் அக்கா முறையில ராத்தா எண்டு கூப்பிடுற பொம்புளை எழும்பினா. அவட புருசன் நல்ல மனுசன், பக்கத்துலயே இருந்தாரு. “தங்கச்சி, எனக்கும் ஒண்டு எழுது” எண்டா ராத்தா. எல்லாரும் அந்த மனுசனத் திரும்பிப் பாத்தாங்க. அவர் தலையச் சொறிஞ்சுகொண்டு, “எழுதுங்க, எழுதுங்க. ஊடு அவக்குத்தான். நான் கலியாணம் முடிச்சு வந்து குந்தினவன்” எண்டாரு. அதுக்கு ஆம்புளைகளே சிரிச்சாங்க. அவங்க எல்லாம் தங்கட ராத்தா தங்கச்சிமாருக்கு வீடு கட்டக் கல்லுச் சுமந்தவங்க, வீடு ஆருக்கு எண்டு அவங்களுக்குத் தெரியாதா? பிறகு ஒவ்வொருத்தியா எழும்பி வந்தா. எழுதத் தெரியாதவங்களுக்கெல்லாம் நானே எழுதினன். மஞ்சள் முடிஞ்சு பச்சைக்குப் போனம். கடைசியில பட்டியலுல ஒரு ஆம்புளைட பேரும் வெளியில தெரியல்ல. என்ட புருசன் எந்த நேரம் போனாரோ, நான் காணல்ல.

மிஸ் அந்தத் தாள அட்டையோடயே சுருட்டிக் கொண்டு போனா. மேலிடத்துல சண்டை பிடிச்சிருப்பா போல. இழுபட்டு இழுபட்டு, புதுப் படிவம் வந்திச்சு, உறுதி எங்கட பேர்ல வந்திச்சு. வீடு சின்னது, கிணத்துத் தண்ணி கொஞ்சம் கரிக்கும், மழைக்கு ஒரு மூலை ஒழுகும். போகட்டும். கதவு இருந்திச்சு. முதல் நாள் என்ட மகள் அந்தக் கதவச் சாத்திப்போட்டு உள்ளுக்கு நிண்டு உடுப்பு மாத்தினா. வெளியில நிண்டு நான் அழுதன்.

ஆறு வருசத்துக்குப் பிறகு அந்த வீட்டுலதான் மகள்ட நிக்காஹ். வாப்பாதான் பொறுப்பாளியா, வலியா நிண்டு மகளக் குடுக்கோணும், அதால அவருக்கு ஆள் அனுப்பினம். வந்தாரு. அதே அத்தர் வாசம். வாசல் படலையடியில நிண்டு, உள்ளுக்கு வரலாமா எண்டு தெரியாம வளவப் பாத்துக்கொண்டு நிண்டாரு. நான்தான் போனன்.

“வாங்க உள்ளுக்கு. இது மகள்ட ஊடு, காலையிலதான் எழுதிக் குடுத்தன். கதிரை கிடக்கு, நீங்களும் இருந்துக்கங்க.”

அவர் குனிஞ்ச தல நிமிராம வந்து கதிரை நுனியில இருந்தாரு. நான் என்ட பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு பின்னால குடிசைக்குப் போனன்.